நடுவுல ஒரு ஆள் வேணுமா? கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் சண்டையும் அது ஐரோப்பாவை மாத்தின கதையும்

நம்ம ஊர்ல ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலுக்குள்ள போனா மாதா சுரூபம் (சிலை), அந்தோணியார், செபஸ்தியார், மெழுகுவர்த்தி, சிலுவையில தொங்குற இயேசு உருவம்னு கண்ணு நிறைய ஏதாவது இருக்கும். அதே தெருவுல இருக்கிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சர்ச்சுக்குள்ள போனா வெள்ளைச் சுவர், ஆள் இல்லாத வெறும் சிலுவை, சுவத்துல ஒரு வசனம், அவ்வளவுதான். அங்க பூசை, இங்க ஆராதனை. அங்க ஃபாதர், அவருக்குக் கல்யாணம் கிடையாது. இங்க பாஸ்டர் (தென் மாவட்டத்துப் பெரியவங்க ஐயர்னுதான் சொல்வாங்க), அவரு சம்சாரம் சண்டே ஸ்கூல் நடத்துவாங்க. சாமி ஒண்ணு, பைபிள் ஒண்ணு, அப்புறம் எதுக்குடா ரெண்டு கடைன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான், அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன்.

முதல்ல ஒரு சின்ன திருத்தம், பைபிள்கூட ஒண்ணு இல்ல. கத்தோலிக்க பைபிள்ல 73 புத்தகம், புராட்டஸ்டண்ட் பைபிள்ல 66. பழைய ஏற்பாட்டுல தோபித்து, யூதித்து, மக்கபேயர் மாதிரி 7 புத்தகத்தை இவங்க சேர்க்கிறதில்ல. இது ஏதோ லைப்ரரி தகராறுன்னு நினைக்காதீங்க, செத்துப்போனவங்களுக்காக ஜெபம் பண்றது நல்லதுன்னு ஒரு இடத்துல வருதே, அது அந்த மக்கபேயர் ரெண்டாம் புத்தகத்துலதான் இருக்கு. அந்த செத்தவங்க விஷயத்துலதான் மொத்த சண்டையும் ஆரம்பிச்சுது.

அடிப்படைக் கேள்வி ரொம்ப சிம்பிள். கடவுளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் வேணுமா? கத்தோலிக்கர் வேணும்பாங்க. இயேசு தன் சீஷர் பேதுருகிட்ட மோட்சத்துச் சாவியைக் கொடுத்தாரு, பேதுருவோட வாரிசு போப், போப்புக்குக் கீழ பிஷப், அவருக்குக் கீழ ஊர் சாமியார், இந்த வரிசை வழியாத்தான் அருள் வருது, ஞானஸ்நானத்துல ஆரம்பிச்சு சாகக் கிடக்கிறவங்களுக்கு எண்ணெய் பூசற அவஸ்தைப் பூசுதல் வரைக்கும் ஏழு அருட்சாதனங்கள், அதாவது அருள் தர்ற சடங்குகள் இருக்கு. மேல இருக்கிற புனிதர்களும் மாதாவும் நமக்காக சிபாரிசு பண்ணுவாங்க. அவங்களை நாங்க கும்பிடல, எங்களுக்காக வேண்டிக்கோங்கன்னு கேக்கறோம், அவ்வளவுதான்னு விவரம் தெரிஞ்ச கத்தோலிக்கர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. புராட்டஸ்டண்ட் பதில்: நடுவுல இயேசு ஒருத்தர் போதும். விசுவாசம் இருந்தா மீட்பு கிடைக்கும், அது கடவுள் சும்மா கொடுக்கிறது, நீ சம்பாதிக்கிறது இல்ல. எது சரின்னு பாக்க வேதம் இருக்கு, போப்புக்கு தனி அதிகாரம் ஒண்ணும் இல்ல. அந்த ஏழு அருட்சாதனத்தை ரெண்டாக் குறைச்சாங்க, ஞானஸ்நானம், திருவிருந்து, முடிஞ்சது. சுரூபம் ஏன் இல்ல, பாஸ்டர் ஏன் கல்யாணம் பண்ணிக்கிறாரு, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனக் கூண்டு ஏன் இல்லன்னு ஆயிரம் கேள்வி கேட்டாலும் எல்லாம் இந்த ஒரு இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். கத்தோலிக்கப் போதனைப்படி பாவத்தை அறிக்கை பண்ணினா மன்னிப்பு உண்டு, ஆனா அதுக்கான தண்டனை பாக்கி கொஞ்சம் இருக்கும், அதைச் செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்துல கழிக்கணும். அந்தப் பாக்கியைத் திருச்சபை குறைக்கலாம், அதுக்குத்தான் அப்ப காசுக்கு வித்த ஒரு சீட்டு. நம்ம ஸ்கூல் புக்குல பாவமன்னிப்புச் சீட்டுன்னு போட்டிருப்பாங்க, சரியாச் சொன்னா அது தண்டனைக் குறைப்புச் சீட்டு. ஆனா வாங்கினவங்களும் வித்தவங்களும் இந்த வித்தியாசத்தையெல்லாம் பாத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணல.

ஜெர்மனியில ஆல்பிரெக்ட்னு ஒரு இளவரசர், இருபத்து நாலு வயசு, ஏற்கெனவே மாக்டபர்க் ஆர்ச்பிஷப், அது போதாதுன்னு 1514ல மைன்ஸ் ஆர்ச்பிஷப் பதவியும் வேணும்னாரு. ஒரே ஆள் இத்தனை பதவி வெச்சிருக்கக் கூடாது, ரோமுக்குப் பெரிய தொகை கட்டினா விலக்கு கிடைக்கும். கையில காசு இல்ல. ஆக்ஸ்பர்க் ஊர்ல யாக்கோப் ஃபுக்கர்னு ஒரு பேங்கர், அந்தக் காலத்து ஐரோப்பாவுல பெரிய பணக்காரர்கள்ல ஒருத்தர், அவர்கிட்ட லோன் வாங்கினாரு. லோனை அடைக்க வழி? அவரோட ஏரியாவுல சீட்டு விக்க போப் பத்தாம் லியோ பெர்மிஷன் கொடுத்தாரு, வசூல்ல பாதி ரோம்ல புனித பேதுரு பேராலயம் கட்ட, மீதிப் பாதி ஃபுக்கரோட கடனுக்கு. ஊர் ஊரா சீட்டு வித்தவரு டெட்சல்னு ஒரு டொமினிக்கன் துறவி. பெட்டியில காசு விழுந்து சத்தம் கேட்டதும் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தை விட்டுப் பறந்துரும்னு அப்ப பிரசங்கம் ஓடிச்சு, செத்துப்போன அப்பா அம்மாவை நினைச்சு ஏழை ஜனங்க காசைக் கொண்டுபோய்ப் போட்டாங்க.

விட்டன்பர்க் யூனிவர்சிட்டியில பாடம் நடத்திட்டிருந்த மார்ட்டின் லூதருக்கு இது தாங்கல. அவரும் ஒரு துறவிதான், அகஸ்தீன் சபை. 1517 அக்டோபர் 31ஆம் தேதி 95 கருத்துகளை எழுதி அந்த ஆல்பிரெக்டுக்கே அனுப்பிட்டாரு. சர்ச் கதவுல ஆணி அடிச்சு மாட்டினாருன்னு படத்துல பாத்திருப்பீங்க, அது நடந்துச்சா இல்லையான்னு வரலாற்றுக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க, லெட்டர் போட்டது மட்டும் உறுதி. லத்தீன்ல எழுதின அந்த சரக்கை யாரோ அச்சடிக்க, ஜெர்மன்ல மொழிபெயர்க்க, கொஞ்ச வாரத்துல நாடு முழுக்கப் பரவிடுச்சு. அடுத்த வருஷம் விசாரணைக்கு ஆக்ஸ்பர்க்குக்குக் கூப்பிட்டாங்க, ரோம்ல இருந்து கார்டினல் கயேத்தான் வந்தாரு. விசாரணை எங்க நடந்துச்சு தெரியுமா, அதே ஃபுக்கரோட மாளிகையில! கடன் கொடுத்தவர் வீட்டுலயே பஞ்சாயத்து. லூதர் வாபஸ் வாங்க மாட்டேன்னுட்டு ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுக் கிளம்பிட்டாரு.

அப்புறம் போப் எச்சரிக்கை ஆணை அனுப்பினதும், இவர் அதை 1520ல நெருப்புல போட்டதும், 1521ல வோர்ம்ஸ் ஊர்ல கூடின பேரரசு சபையில பேரரசர் முன்னாடி நின்னதும் சினிமா மாதிரி வேகமாப் போகும். எனக்கு முக்கியமாப் படறது அதுக்கு அடுத்தது. சாக்சனி ஆட்சியாளர் இவரை வார்ட்பர்க் கோட்டையில ஒளிச்சு வெச்சாரு, தாடி வளர்த்துப் பேரை மாத்திக்கிட்டு உக்காந்தவரு ஏறக்குறைய பதினோரு வாரத்துல புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்துல இருந்து ஜெர்மனுக்குக் கொண்டு வந்துட்டாரு. 1522 செப்டம்பர்ல புத்தகம் வந்துச்சு, டிசம்பர்லயே மறுபடி அச்சு. ஜெர்மன்ல அதுக்கு முன்னாடியும் பைபிள் உண்டு, 1466லயே ஒண்ணு அச்சாகியிருக்கு, ஆனா அது லத்தீன்ல இருந்து வார்த்தைக்கு வார்த்தை எடுத்தது, படிச்சா முட்டும். லூதர் என்ன சொன்னாருன்னா, வீட்டுல அம்மா பேசறதைக் கேளு, தெருவுல பசங்க பேசறதைக் கேளு, சந்தையில ஆளுங்க வாயைப் பாத்து அப்புறம் மொழிபெயர்ன்னாரு. இன்னைக்கு ஜெர்மன் மொழி ஒரு பொது மொழியா நிக்கிறதுக்கு அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஆனா எல்லார் கையிலயும் புத்தகம் வந்தா எல்லாரும் ஒரே மாதிரியா படிப்பாங்க? பன்னெண்டு வருஷம்கூட ஆகல, புராட்டஸ்டண்ட்களுக்குள்ளயே பிளவு. 1529ல மார்பர்க் கோட்டையில லூதரும் சூரிச் ஊர் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் சந்திச்சாங்க, பதினஞ்சு பாயிண்ட்ல பதினாலு ஒத்துப்போச்சு. பதினஞ்சாவது, திருவிருந்துல கொடுக்கிற அப்பத்துல இயேசுவோட உடம்பு நிஜமாவே இருக்கா இல்ல அது ஒரு அடையாளமா? லூதர் மேஜை மேல சாக்பீஸால 'இது என் சரீரம்'னு லத்தீன்ல எழுதி வெச்சுட்டு, ஸ்விங்லி எதிர்த்து வாதாடும்போதெல்லாம் அந்த வரியிலயே நின்னாராம். 'இது'ன்னா இதுதான், அடையாளம்னு எங்கப்பா போட்டிருக்குன்னு. கடைசி வரைக்கும் ஒத்து வரல. கத்தோலிக்கர் இன்னும் ஒரு படி மேல, பூசையில அப்பமும் ரசமும் அப்படியே கிறிஸ்துவோட உடம்பாவும் ரத்தமாவும் மாறிடுதுன்னு நம்பறவங்க. அதனாலதான் ஆர்.சி. கோயில்ல அந்த அப்பத்தை வெச்சிருக்கிற நற்கருணைப் பேழை முன்னாடி முழங்கால் போடறாங்க. இந்த மேஜைச் சண்டையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவேன்.

இங்கிலாந்து கதை வேற ரூட். எட்டாம் ஹென்றிக்கு முதல் மனைவியை விட்டுட்டு வேற கல்யாணம் பண்ணணும், போப் விடல, 1534ல நானே சர்ச்சுக்குத் தலைவர்னுட்டாரு. இதே ஹென்றி 1521ல லூதரைத் திட்டி எழுதி போப்கிட்ட பட்டம் வாங்கின ஆளு. ஜெனீவால கால்வின்னு ஒரு சீர்திருத்தக்காரர், அவரோடது வேற ஒரு கிளை, ரொம்ப ஸ்ட்ரிக்டு. புராட்டஸ்டண்ட்னாலே சுதந்திரம்னு நினைக்கிறவங்க 1553ல அதே ஜெனீவால மிகேல் செர்வெட்டஸை உயிரோட எரிச்சதை ஒரு தடவை படிக்கணும், திரித்துவத்தையும் (பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிற போதனை) குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறதையும் மறுத்தாருங்கிறதுதான் குத்தம். லூதரும் 1525ல விவசாயிகள் கிளர்ச்சி பண்ணினப்ப அடிச்சு நொறுக்குங்கன்னு பிரபுக்கள் பக்கம்தான் நின்னாரு, வயசான காலத்துல யூதர்களைப் பத்தி அவர் எழுதினது படிக்கவே கூசும்.

சரி, இதெல்லாம் மேற்கத்திய நாகரிகத்தை எப்படி மாத்துச்சு? வழக்கமாச் சொல்ற கதை ஒண்ணு இருக்கு: கத்தோலிக்கர் பழமை, புராட்டஸ்டண்ட் வந்ததும் விஞ்ஞானம், முதலாளித்துவம், ஜனநாயகம் எல்லாம் வந்துச்சு. இதுல பாதிதான் தேறும்னு நான் நினைக்கிறேன்.

படிப்பு விஷயத்துல புராட்டஸ்டண்ட்களுக்கு மார்க் போட்டே ஆகணும். நீயே வேதம் படிச்சாத்தான் உனக்கு நல்லதுன்னா, எழுத்துத் தெரியாதவனுக்கு என்ன வழி? 1524லயே லூதர் நகராட்சிகளுக்கு எழுதறாரு, பள்ளிக்கூடம் கட்டுங்க, பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கன்னு. ஸ்வீடன்ல 1686 சர்ச் சட்டம் வந்தப்புறம் எல்லாரும் வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும், பாஸ்டர் வீடு வீடா வந்து குடும்பத்தை வரிசையா உக்கார வெச்சு வாசிக்கச் சொல்லி டெஸ்ட் எடுப்பாரு, வேலைக்காரங்க உட்பட. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் (ரொம்பக் கண்டிப்பான புராட்டஸ்டண்ட்கள்) 1647ல போட்ட சட்டம் இன்னும் வேடிக்கை, மனுஷன் வேதத்தைப் படிக்கவிடாம பண்றதுதான் சாத்தானோட பழைய வேலை, அதனால அம்பது குடும்பம் இருக்கிற ஒவ்வொரு ஊரும் ஒரு வாத்தியார் வெக்கணும்னு எழுதியிருக்காங்க. சாத்தான் புண்ணியத்துல ஊருக்கு ஒரு ஸ்கூல்.

இந்த அலை நம்ம கரைக்கும் வந்துச்சு. 1706ல தரங்கம்பாடியில இறங்கின சீகன்பால்கு லூத்தரன், அதாவது லூதர் வழிக்காரர், வந்த கையோட தமிழ் படிச்சு 1715க்குள்ள புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சுல கொண்டு வந்துட்டாரு. ஆனா தமிழ்ல முதல்ல அச்சடிச்சது அவர் இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி 1578ல கொல்லத்துல ஹென்ரிக் ஹென்ரிக்கஸ்ங்கிற இயேசு சபை பாதிரியார், கத்தோலிக்கர், தம்பிரான் வணக்கம்ங்கிற சின்ன ஜெபப் புத்தகம் போட்டாரு. அப்புறம் வந்த வீரமாமுனிவர், அவரும் இயேசு சபைதான், தரங்கம்பாடிக்காரங்களை எதிர்த்து லுத்தேரினத்தியல்புன்னு தனியா ஒரு நூலே எழுதினாரு. விட்டன்பர்க்ல ஆரம்பிச்ச வாய்ச்சண்டை காவிரிக் கரையில தமிழ் உரைநடையில நடந்திருக்கு!

கத்தோலிக்கத் தரப்பும் சும்மா இல்ல. ட்ரெண்ட் சங்கம்னு ஒரு பிஷப்புகள் மாநாடு, 1545ல இருந்து 1563 வரை விட்டு விட்டுக் கூடி வீட்டைச் சுத்தம் பண்ணினாங்க, சீட்டை வெச்சுக் காசு பாக்கிறதுக்குத் தடை வந்துச்சு (சீட்டுக்குப் பின்னால இருந்த போதனை அப்படியேதான் இருக்கு, இன்னைக்கும் இருக்கு). இயேசு சபைக்காரங்க 1548ல மெசினாவுல ஆரம்பிச்சு ஐரோப்பா முழுக்க நூத்துக்கணக்குல காலேஜ் திறந்தாங்க, ஃபீஸ் கிடையாது. தத்துவவாதி டெக்கார்ட் அங்க படிச்சவரு, பிற்பாடு சர்ச்சைக் கிழிகிழின்னு கிழிச்ச வோல்டேரும் அவங்க ஸ்டூடண்ட்தான். போலோன்யா, பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி எல்லாம் லூதர் பிறக்கறதுக்கு நூத்தாண்டுகள் முன்னாடி கத்தோலிக்க ஐரோப்பா உண்டாக்கினது.

முதலாளித்துவம்? மாக்ஸ் வெபர்னு ஜெர்மன் சமூகவியல் அறிஞர் 1904, 1905ல ஒரு வாதம் வெச்சாரு. கால்வின் போதனைப்படி யாருக்கு மோட்சம்னு கடவுள் முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு, உனக்குத் தெரியாது. தூக்கம் வருமா? நான் லிஸ்ட்ல இருக்கேனான்னு அடையாளம் தேடுவான், தொழில்ல நேர்மையா உழைச்சு முன்னேறினா அதுதான் அடையாளம்னு எடுத்துப்பான், ஆடம்பரமும் பண்ணக் கூடாது, அப்ப லாபத்தை என்ன பண்ணுவான், திரும்பத் தொழில்லயே போடுவான். கேக்க அழகா இருக்கு. ஆனா இரட்டைப் பதிவுக் கணக்கை 1494ல வெனிஸ்ல புத்தகமா அச்சுல கொண்டு வந்த பாச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி, இத்தாலியில பேங்க் நடத்தின மெடிச்சி குடும்பம் கத்தோலிக்கர், நம்ம ஃபுக்கர் சாகிற வரைக்கும் பக்கா கத்தோலிக்கர், ஐரோப்பியக் கண்டத்துல முதல்ல தொழில்மயமான பெல்ஜியம் கத்தோலிக்க நாடு. 2009ல சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டு பிரஷ்யாவோட (அப்ப இருந்த பெரிய ஜெர்மன் அரசு) மாவட்டக் கணக்கை அலசிட்டு, புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் வசதியா இருந்தது நிஜம், ஆனா அதுக்குக் காரணம் அங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க அதிகம் இருந்ததுதான்னு சொன்னாங்க. எனக்கு இது வெபரைவிட நம்பும்படியா இருக்கு.

ஃபுக்கரைப் பத்தி இன்னொண்ணு சொல்லாம விட முடியாது. 1521ல, அதாவது லூதர் வோர்ம்ஸ்ல நின்ன அதே வருஷம், ஆக்ஸ்பர்க்ல ஏழைகளுக்கு ஒரு காலனி கட்ட சாசனம் எழுதி வெச்சாரு, ஃபுக்கராய்னு பேரு, இன்னைக்கும் ஆள் குடியிருக்கு. வருஷ வாடகை அன்னைக்கு ஒரு கில்டர் நாணயம், இன்னைக்கு 88 யூரோ சென்ட், மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. கூடவே ஒரு கண்டிஷன், குடியிருக்கிறவங்க கத்தோலிக்கரா இருக்கணும், தினமும் ஃபுக்கர் குடும்பத்து ஆத்துமாவுக்காக பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாச மந்திரம் சொல்லணும். சீட்டு வியாபாரத்துக்குக் காரணமான கடனைக் கொடுத்த மனுஷன் தன் ஆத்துமாவுக்கு ஐநூறு வருஷம் தாண்டி ஓடற ஜெப ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்காரு. இசைமேதை மொசார்ட்டோட கொள்ளுத்தாத்தா, கொத்தனாரு, கடைசிக் காலத்துல அங்கதான் குடியிருந்தாரு. இதே தர்மத்தை லூதர் பக்கம் வேற மாதிரி பாக்கும், மோட்சத்துக்கு தர்மம் உதவாது, அதனால ஏழையைப் பாத்துக்கிறது நகராட்சியோட வேலை, பொது உண்டியல் வை, கணக்கு எழுதுன்னு. வட ஐரோப்பாவுல ஏழைகளுக்கு அரசாங்கம் பொறுப்புங்கிற எண்ணத்துக்கு இதுவும் ஒரு வேர். மறுபக்கம் மடங்களை மூடினதுல பெண்களுக்கு நஷ்டமும் உண்டு, கல்யாணம் பண்ணாம படிச்சு எழுதி ஒரு நிர்வாகத்தை நடத்த அதுவரைக்கும் இருந்த முக்கியமான இடம் கன்னியர் மடம்தான்.

சுரூப விஷயமும் வெறும் ரசனை விஷயம் இல்ல. 1566ல நெதர்லாந்து பக்கம் கூட்டம் கூட்டமா சர்ச்சுக்குள்ள புகுந்து உடைச்சுத் தள்ளினாங்க, உட்ரெக்ட் பேராலயத்துல முகம் மட்டும் செதுக்கி எடுக்கப்பட்ட கல் சிற்பங்களை இன்னைக்கும் பாக்கலாம், உடம்பு, உடை மடிப்பு எல்லாம் இருக்கு, முகம் இருந்த இடம் மட்டும் மொட்டையா இருக்கும். சர்ச் ஆர்டர் நின்னுபோன ஓவியர்கள் வீட்டுக்குள்ள வெளிச்சம், பால் ஊத்துற பொம்பளை, சீஸ் தட்டுன்னு வரைய ஆரம்பிச்சாங்க. ரோம் நேரெதிரா போச்சு, பெர்னினி, கரவாஜியோ மாதிரி கலைஞர்களை வெச்சு கண்ணைப் பறிக்கிற கலையைக் கொட்டினாங்க.

நாள்காட்டியைக்கூட விடல. 1582ல போப் பதிமூணாம் கிரெகோரி காலண்டரைத் திருத்தி பத்து நாளைத் தூக்கினாரு, கணக்கு சரி, ஆனா போப் சொல்லி நாங்க ஏன் கேக்கணும்னு புராட்டஸ்டண்ட் நாடுகள் ஏத்துக்கல. ஆக்ஸ்பர்க்ல ரெண்டு சாராரும் கலந்து வாழ்ந்த ஊருங்கிறதால 1584ல இதுக்குக் கலவரமே நடந்துச்சு. பிரிட்டன் ஒத்துக்கிட்டது 1752லதான், அங்க செப்டம்பர் 2ஆம் தேதி படுத்தவங்க எழுந்தது செப்டம்பர் 14.

ரத்தம் ரொம்ப ஓடிச்சு. பிரான்ஸ்ல 1572ல புனித பர்த்தலமேயு நாள்ல புராட்டஸ்டண்ட்களைக் கொல்ல ஆரம்பிச்ச படுகொலை; அப்புறம் 1685ல பதினாலாம் லூயி புராட்டஸ்டண்ட்களுக்கு இருந்த உரிமையைப் பறிச்சதும் லட்சத்துக்கும் மேல ஆளுங்க தப்பிச்சு லண்டன், பெர்லின், ஜெனீவான்னு போயிட்டாங்க, பட்டு நெசவும் கடிகார வேலையும் அவங்க கூடவே போச்சு. ஜெர்மனியில 1618ல இருந்து 1648 வரை முப்பது வருஷப் போர், சில பகுதிகள்ல பாதிக்கு மேல ஜனமே இல்லாம போச்சு. நடுவுல வேடிக்கை என்னன்னா, கத்தோலிக்க பிரான்ஸ், அதுவும் ஒரு கார்டினல் ஆட்சி நடத்தின பிரான்ஸ், புராட்டஸ்டண்ட் ஸ்வீடனோட சேர்ந்து கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்துச்சு. அந்தப் போரை முடிச்ச வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டப்ப யாரும் ஜெயிக்கல. இந்த 'யாரும் ஜெயிக்கல'தான் என்னைக் கேட்டா ரொம்பப் பெரிய விளைவு. சகிப்புத்தன்மையை ரெண்டு பேர்ல யாரும் விரும்பி ஏத்துக்கல, ஒருத்தரை ஒருத்தர் ஒழிக்க முடியலன்னு தெரிஞ்சப்புறம் வேற வழி இல்லாம கத்துக்கிட்டாங்க. ஆக்ஸ்பர்க்ல அதுக்கப்புறம் 1806 வரைக்கும் ரெண்டு நகரத் தலைவர்கள், ஒருத்தர் கத்தோலிக்கர், ஒருத்தர் புராட்டஸ்டண்ட், கீழ பதவிகளும் அப்படியே பங்கு. அந்த ஊர்ல ஆகஸ்ட் 8 அமைதித் திருநாள்னு லீவு, ஜெர்மனியில வேற எந்த ஊருக்கும் கிடையாது.

1999 அக்டோபர் 31, அதே ஆக்ஸ்பர்க்ல, ரோமும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் மீட்பு பத்தின அடிப்படையில நமக்குள்ள ஒத்துப்போகுதுன்னு கையெழுத்துப் போட்டாங்க. இடம் புனித அன்னா சர்ச், 1518 விசாரணைக்கு வந்தப்ப லூதர் தங்கின மடம் அது, இப்ப லூத்தரன் சர்ச், ஆனா அதுக்குள்ளயே ஃபுக்கர் குடும்பத்துக் கல்லறைக் கோயில் இன்னும் கத்தோலிக்கமா இருக்கு. லூதரை அவ்வளவு தூரம் கொண்டுபோன கேள்வி முடிஞ்ச மாதிரிதான். சாக்பீஸ் கேள்வி முடியல. ஜெர்மனியில புருஷன் கத்தோலிக்கர், பொண்டாட்டி புராட்டஸ்டண்ட்னு இருக்கிற குடும்பங்கள் ஏராளம், ஞாயித்துக்கிழமை பூசையில நற்கருணைக்கு வரிசை நகரும்போது ஒருத்தர் எழுந்து போவாரு, ஒருத்தர் பெஞ்சுலயே உக்காந்திருக்கணும். 2018ல ஜெர்மன் பிஷப்புகள்ல பெரும்பான்மை, அந்தத் துணைக்கும் சில சந்தர்ப்பத்துல கொடுக்கலாம்னு சொன்னாங்க, ஏழு பிஷப்புகள் அதை எதிர்த்து ரோமுக்கு லெட்டர் போட்டாங்க, கடைசியில அந்தந்த பிஷப் பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. அதனால இப்ப சில ஊர்ல அந்தம்மா எழுந்து போகலாம், சில ஊர்ல உக்காந்தேதான் இருக்கணும்.